'1 டிபி' என்றால் எந்த 1 டிபி?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிச் சேர்க்கை தொடங்கிவிட்டால் நாளிதழ்களில் லேப்டாப் விளம்பரங்கள் அரைப் பக்கம், முழுப் பக்கம் என்று வரத் தொடங்கும். தங்கள் இதழும் விலக்கல்ல. '8 ஜிபி / 512 ஜிபி' என்று கட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த 512 எந்த வகை, பின்னால் கழற்றி மாற்ற முடியுமா, கூட ஒன்று போட இடம் இருக்கிறதா என்பதெல்லாம் பொடி எழுத்தில்கூட இருக்காது. வாங்குகிறவர்களும் "எத்தனை ஜிபி?" என்று கேட்டதோடு திருப்தியாகிவிடுகிறார்கள். கணினி பழுதுநீக்கும் எங்களைக் கேட்டால், அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

அந்த இரண்டு எண்களில் முதலாவது ரேம். கணினி ஓடும்போது மட்டும் பயன்படுவது. கரண்ட் போனால் அதில் இருந்ததும் போய்விடும். இரண்டாவதுதான் படம், பாடம், கணக்கு எல்லாம் தங்கும் டிரைவ். இந்தக் கடிதம் அதைப் பற்றியது மட்டுமே.

ஒரு சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடலாம். 1 டிபி, அதாவது 1000 ஜிபி வாங்கினேன், 931 ஜிபிதான் காட்டுகிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகிறவர்கள் இன்றும் உண்டு. அவர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் 1 டிபி என்பதை ஒரு லட்சம் கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் அதே பைட்டுகளை 1024-ஆல் மூன்று முறை வகுத்து ஜிபி என்று காட்டுகிறது. அதனால் 1 டிபி 931 ஆகும், 512 ஜிபி 476 ஆகும், 256 ஜிபி 238 ஆகும். பைட் ஒன்றுகூடக் குறைவதில்லை. ஆனால் அந்த 238-இல் விண்டோஸும் அதன் அப்டேட்டுகளும் ஏறக்குறைய 40 முதல் 60 ஜிபி வரை எடுத்துக்கொள்ளும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

இனி வகை. ஹார்டு டிஸ்கில் தட்டுகள் சுழல்கின்றன. ஒரு கை அவற்றின் மேல் நகர்ந்து படிக்கிறது, எழுதுகிறது. லேப்டாப்பில் வரும் 2.5 அங்குல டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்ட் ஆகிறது; வேண்டிய இடம் கைக்கு அடியில் வந்து சேர சராசரியாக அதில் பாதி. கை நகர்வதற்கு இன்னொரு 12 மில்லி செகண்ட். ஆக, வட்டின் வெவ்வேறு மூலைகளில் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளை ஒரு செகண்டுக்கு ஏறக்குறைய 60 முறைதான் தேடிப் படிக்க முடியும். 7200 சுற்று டெஸ்க்டாப் டிஸ்க் என்றால் 80. விண்டோஸ் தொடங்கும்போது தேடுவதோ ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று நின்று, மவுஸ் அசைய மறுப்பதன் காரணம் இதுதான். வைரஸும் இல்லை, பிராசஸரும் இல்லை.

தகவலைச் சிப்பில் வைக்கும் எஸ்எஸ்டியில் அசையும் பாகம் எதுவும் கிடையாது. சிப்பில் உள்ள எந்த மூலையையும் எட்ட 0.1 மில்லி செகண்ட் போதும். ஒரு செகண்டுக்குப் பல்லாயிரம் முறை. ஹார்டு டிஸ்க்கால் நொந்துபோன கணினியை எஸ்எஸ்டி உயிர்ப்பிக்கிறது என்றால் அது இந்தக் கணக்கால்தான். நீண்ட வீடியோவை வரிசையாகப் படிப்பதில் ஹார்டு டிஸ்கும் செகண்டுக்கு 100 முதல் 200 எம்பி கொடுக்கும்; படம் பார்க்க, சேமித்து வைக்க அது தாராளம். விண்டோஸை அதில் போடுவதுதான் தவறு. இன்றைக்கு விண்டோஸ் 11 ஓட்டப்போகும் எந்தக் கணினியிலும் விண்டோஸ் தங்கும் சி டிரைவ் எஸ்எஸ்டியாக இருந்தே ஆக வேண்டும். 1 டிபி ஹார்டு டிஸ்க் ஒரு பக்கம், 256 ஜிபி எஸ்எஸ்டி ஒரு பக்கம் என்று ஒரே விலைக்கு வைத்தால், தயங்காமல் இரண்டாவதை எடுங்கள். இடம் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது ஒரு வகை உண்டு. மலிவு லேப்டாப்களில் ஒளிந்திருக்கும். 64 அல்லது 128 ஜிபி 'இஎம்எம்சி'. விளம்பரத்தில் 'ஃபிளாஷ் ஸ்டோரேஜ்' என்று மட்டும் இருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். இது கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது, மாற்ற முடியாது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சத் தேவையே 64 ஜிபி என்னும்போது, 64 ஜிபி மெஷின் இரண்டு பெரிய அப்டேட்டுக்குள் மூச்சுத்திணறிவிடும்.

வீட்டிலுள்ள பழைய லேப்டாப்பில் என்ன இருக்கிறது என்று தெரிய கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் டிஸ்கைத் தொடுங்கள். விண்டோஸ் 10, 11-இல் எச்டிடியா (ஹார்டு டிஸ்க்) எஸ்எஸ்டியா என்று அங்கேயே எழுதியிருக்கும். 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் வந்த பழைய மெஷின்கள் பல இன்னும் வீடுகளில் தூங்குகின்றன. அவற்றில் இருப்பது 2.5 அங்குல சாட்டா ஹார்டு டிஸ்க். சாட்டா என்பது டிரைவைக் கணினியோடு இணைக்கும் பழைய முறை. அதே அளவு சாட்டா எஸ்எஸ்டி அந்த இடத்தில் அப்படியே உட்காரும். ரேம் 2 ஜிபி மட்டும் என்றால் அதையும் கூட்ட வேண்டும். எஸ்எஸ்டி மட்டும் போட்டுப் பயனில்லை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், இத்தகைய மெஷின்களுக்கு விண்டோஸுக்குப் பதிலான லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் ஒன்றைப் போடுவதே புத்திசாலித்தனம்.

டிவிடி டிரைவ் உள்ள லேப்டாப் என்றால் இன்னொரு வசதி. டிவிடியைக் கழற்றிவிட்டு அங்கே 'கேடி' எனும் தட்டில் வைத்துப் பழைய ஹார்டு டிஸ்கைச் சேமிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். கேடி 9.5 மிமீ, 12.7 மிமீ என இரண்டு தடிமனில் வருகிறது. கழற்றிய டிவிடி டிரைவை அளந்துவிட்டு வாங்குங்கள். எஸ்எஸ்டியை மெயின் இடத்தில் போடுங்கள், கேடியில் அல்ல. டிவிடிக்கான இணைப்பு சில மாடல்களில் வேகம் குறைந்தது.

அதிகம் பேர் பணத்தை விரயமாக்கும் இடம் எம்.2. இது எஸ்எஸ்டியின் விரல் நீளப் பட்டை வடிவத்தின் பெயர் மட்டுமே. வேகத்தின் பெயர் அல்ல. ஒரே பட்டை வடிவத்தில் சாட்டாவும் வருகிறது, என்விஎம்இ எனும் வேகமான புது இணைப்பு முறையும் வருகிறது. சாட்டா என்றால் செகண்டுக்கு 550 எம்பி உச்சம். என்விஎம்இ என்றால், அது ஓடும் பிசிஐஇ தடத்தின் மூன்றாம் தலைமுறையில் 3500, நான்காவதில் 7000, ஐந்தாவதில் 14000 எம்பி வரை. சில ஸ்லாட்டுகள் சாட்டாவை மட்டும் ஏற்கும், சில என்விஎம்இயை மட்டும், சில இரண்டையும். பொருந்தி உட்கார்ந்துவிட்டது, ஆனால் பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை மென்பொருள்) காட்டவில்லை என்று திருப்பிக் கொண்டுவரப்படும் டிரைவ்களில் பெரும்பாலும் பழுது எதுவும் இருப்பதில்லை, வகை மாறியிருக்கும்.

அடையாளம் பார்க்கும் வழி: பட்டையின் தங்க நிற முனையில் வெட்டு இருக்கும். ஒரே வெட்டு, அதன் ஒரு பக்கம் ஐந்து முனைகள் தனியாக நின்றால் அது 'எம் கீ', பெரும்பாலும் என்விஎம்இ. இரண்டு பக்கமும் வெட்டு இருந்தால் 'பி பிளஸ் எம்'; பெரும்பாலும் சாட்டா. பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம், இரண்டு வெட்டுள்ள பழைய என்விஎம்இ பட்டைகளும் உண்டு. ஆகவே வெட்டை மட்டும் நம்பாமல், லேப்டாப் அல்லது மதர்போர்டு மாடல் எண்ணைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டு மேனுவலைப் பாருங்கள். நீளமும் முக்கியம்: 2280 என்றால் அகலம் 22, நீளம் 80 மிமீ. சில மெல்லிய லேப்டாப்களில் 2242 அல்லது 2230-க்குத்தான் இடம். டெஸ்க்டாப்பில், எம்.2 ஸ்லாட்டில் டிரைவ் போட்டதும் சாட்டா போர்ட்டுகளில் ஒன்றிரண்டு செயலிழக்கும் போர்டுகள் உள்ளன. ஏற்கெனவே இருந்த ஹார்டு டிஸ்க் திடீரென்று காணாமல் போனால் பதறாமல் கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றுங்கள்.

மாட்டும்போது முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். பட்டையை 30 டிகிரி சாய்வில் ஸ்லாட்டுக்குள் முழுதாகத் தள்ளி, பிறகு மெல்ல அழுத்தி, கடைசி முனையில் ஸ்க்ரூ போட வேண்டும். அந்தக் குட்டி ஸ்க்ரூ பெரும்பாலும் டிரைவோடு வருவதில்லை. லேப்டாப் ஸ்லாட் காலியாக இருந்தால் அங்கேயும் பல நேரம் இருப்பதில்லை. டிரைவ் வாங்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். செல்லோ டேப் ஒட்டிச் சமாளிக்காதீர்கள், சூட்டில் விட்டுப்போகும்.

7000 எம்பி தேவையா என்றால், அலுவலக வேலை, படிப்பு, பிரவுசருக்குத் தேவையில்லை. ஹார்டு டிஸ்கிலிருந்து சாட்டா எஸ்எஸ்டிக்கு மாறும்போது தெரியும் வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்குகூட, அங்கிருந்து என்விஎம்இக்கு மாறும்போது கண்ணுக்குத் தெரியாது. வீடியோ எடிட்டிங் செய்கிறவர்களுக்குத்தான் அந்த வேகத்தால் காசுக்குப் பலன். புதிதாக வாங்கும் மெஷினில் என்விஎம்இ ஸ்லாட் இருந்தால் மூன்றாம் அல்லது நான்காம் தலைமுறையே போதும். விலை ஒன்றாக இருந்தால் சாட்டாவைத் தேடிப் போகவும் வேண்டாம்.

பெட்டியின் மேல் அச்சிட்ட வேகம் 'வரை' என்ற சொல்லோடு சேர்ந்தது என்பதை மறக்கக் கூடாது. எஸ்எஸ்டி சிப்புகளில் டிஎல்சி, க்யூஎல்சி என்று வகைகள் உண்டு. டிஎல்சி சிப் ஒரு செல்லில் (தகவல் தங்கும் மிகச் சிறிய அறை) 3 பிட், க்யூஎல்சி 4 பிட் வைக்கிறது. 4 பிட் என்றால் ஒரே செல்லில் 16 மின்னழுத்த நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். எழுதுவது மெதுவாகும், ஆயுளும் குறையும். இதை மறைக்க டிரைவ் தன்னில் ஒரு பகுதியை வேகமான தற்காலிக இடமாக வைத்துக்கொள்கிறது. அறுவடையில் மூட்டைகளை முதலில் களத்தில் இறக்கிவிட்டு பிறகு ஆற அமரக் குதிருக்கு மாற்றுவது போலத்தான். களம் நிரம்பிவிட்டால் வண்டிகள் நிற்கும். 100 ஜிபி கல்யாண வீடியோவை ஏற்றும்போது முதல் சில நிமிடம் பறந்து, பிறகு ஹார்டு டிஸ்க் வேகத்துக்கு விழுவது இதனால்தான். டிரைவ் நிரம்ப நிரம்பக் களமும் சுருங்கும். ஆகவே 15 முதல் 20 சதவீதம் எப்போதும் காலியாக இருக்கட்டும். சி டிரைவுக்கு டிஎல்சி வாங்குங்கள். க்யூஎல்சியை அதிகம் எழுதாத சேமிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். பெட்டியில் எழுதாவிட்டால் தயாரிப்பாளர் தளத்தில் தேடுங்கள். அங்கேயும் சொல்லவில்லை என்றால் அது பெரும்பாலும் க்யூஎல்சி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடும் என்ற பயம் வீண். 500 ஜிபி டிஎல்சி டிரைவுக்குப் பொதுவாக 300 டிபி எழுதும் வரை, அல்லது 5 ஆண்டு, எது முந்துகிறதோ அதுவரை வாரண்டி தருகிறார்கள். 5 ஆண்டுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 164 ஜிபி. சாதாரண வீட்டில் அதில் கால்வாசிகூட எழுதுவதில்லை. ஆனால் எஸ்எஸ்டியை டீஃபிராக் செய்யும் (சிதறிய கோப்புகளை ஒழுங்காக அடுக்கும்) பழைய பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பலனில்லாமல் எழுத்துதான் கூடும்.

வெளியே மாட்டும் டிரைவுக்கு வருவோம். வேகமான எஸ்எஸ்டியை வாங்கி, போன் சார்ஜர் கேபிளில் மாட்டினால் அது யுஎஸ்பி 2 வேகத்தில், அதாவது செகண்டுக்கு 40 எம்பியில் நிற்கும். பல சார்ஜிங் கேபிள்களில் அதற்கு மேல் போகும் கம்பிகளே இல்லை. 100 ஜிபி நகலெடுக்க அதில் 42 நிமிடம். சரியான யுஎஸ்பி 3 கேபிளும் போர்ட்டும் இருந்தால் 5 நிமிடத்துக்குள். பல கணினிகளில் யுஎஸ்பி 3 போர்ட்டின் உள்ளே நீல நாக்கு இருக்கும். டிரைவை வெளியே மாட்ட உதவும் உறையான கேசிங் வாங்கும்போதும் கவனம்: சாட்டா பட்டைக்கான கேசிங்கில் என்விஎம்இ வேலை செய்யாது. 3.5 அங்குல ஹார்டு டிஸ்குக்கு 12 வோல்ட் தனி அடாப்டர் இல்லாமல் முடியாது. பென் டிரைவில் 4 ஜிபிக்கு மேற்பட்ட படம் ஏற மறுத்தால் டிரைவ் கெடவில்லை. அது எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கிறது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றுங்கள். மாற்றும்போது உள்ளே இருப்பது அழியும்.

போலிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2025 இறுதியிலிருந்து நினைவகச் சிப்புகளின் விலை ஏறிக்கிடப்பதால் சில நூறு ரூபாய்க்கு 2 டிபி பென் டிரைவ் என்னும் ஆசை வார்த்தைக்கு மவுசு கூடியிருக்கிறது. அதன் உள்ளே 32 அல்லது 64 ஜிபி சிப்தான் இருக்கும். சிப்பை இயக்கும் கன்ட்ரோலர் மட்டும் 2 டிபி என்று பொய் சொல்லும்படி மாற்றப்பட்டிருக்கும். 64 ஜிபி வரை எல்லாம் சரியாகப் போகும். அதற்கு மேல் ஏற்றியவை பழையதன் மேலேயே எழுதப்படும், அல்லது எங்கும் எழுதப்படாது. கோப்புப் பெயர்கள் வரிசையாகத் தெரியும், அளவும் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. வாங்கிய அன்றே விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்ற இலவச மென்பொருளால் முழுக்க எழுதிப் படித்துச் சோதியுங்கள். பெரிய டிரைவுக்கு மணிக்கணக்கில் ஆகும், ஆகட்டும். சோதிக்காமல் அதில் குடும்பப் படங்களை மாற்றிவிட்டு போனில் அழித்துவிடுகிறவர்களுக்குச் செய்ய எங்களிடம் எதுவும் இல்லை.

ஹார்டு டிஸ்கிலும் மோசடி உண்டு. 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில், பல்லாயிரம் மணி நேரம் ஓடிய சர்வர் டிஸ்குகள் கணக்கு அழிக்கப்பட்டு புதியவையாக விற்கப்பட்டது அம்பலமானது. இங்கே அவ்வளவு நுட்பம்கூடத் தேவைப்படுவதில்லை. ஸ்டிக்கர் மாற்றினால் போதும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டி, 'பவர் ஆன் ஹவர்ஸ்' எத்தனை என்று கடையிலேயே பாருங்கள். புதியது என்றால் ஒற்றை இலக்கத்தில் இருக்க வேண்டும். அதே திரையில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளில் பூஜ்யம் தவிர வேறு இருந்தால் டிஸ்கில் கெட்ட செக்டார்கள், அதாவது பழுதான பகுதிகள் உள்ளன. சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் டிஸ்க் அல்ல, கேபிள்.

பழைய டிஸ்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறும்போது வரிசை முக்கியம். முதலில் முக்கியக் கோப்புகளைத் தனியாக ஒரு நகல். பிறகு டிரைவைப் பூட்டும் விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கர் ஓடுகிறதா என்று பார்த்து அதன் ரெக்கவரி கீயை எழுதி வைத்து, நிறுத்தி வைக்க வேண்டும். புதிய விண்டோஸ் 11 லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தாலே குறியாக்கம் தானாகத் தொடங்கிவிடுகிறது, உரிமையாளருக்கே தெரிவதில்லை. கீ அந்தக் கணக்கில்தான் இருக்கும். கடையில் யாரோ போட்டுக் கொடுத்த மின்னஞ்சல் முகவரி, மறந்துபோன பாஸ்வேர்டு என்றால் கோப்புகள் நிரந்தரமாகப் பூட்டப்பட்டவைதான். அதன் பிறகு குளோன்சில்லா போன்ற ஒன்றால் குளோன், அதாவது டிஸ்கை அப்படியே முழு நகல். புது டிரைவ் பழையதற்குச் சமமாகவோ பெரிதாகவோ இருப்பது சிக்கலைத் தவிர்க்கும். 500 ஜிபி டிஸ்கை 480 ஜிபி எஸ்எஸ்டிக்கு அப்படியே குளோன் செய்ய முடியாமல் திண்டாடுவது வழக்கமான காட்சி. குளோன் முடிந்த அன்றே பழைய டிஸ்கை ஃபார்மட் செய்யாதீர்கள். ஒரு மாதம் போகட்டும்.

பழைய டிஸ்கில் 'டிக் டிக்' சத்தம் கேட்டால் மேலே சொன்ன எதையும் செய்யக் கூடாது. உடனே அணையுங்கள். விண்டோஸின் சோதனைக் கருவியான செக்டிஸ்க் ஓட்டினால் சரியாகும் என்று ஓட்டுவதுதான் பல டிஸ்குகளுக்கு இறுதிச் சடங்கு. சாகும் டிஸ்கை முழுக்க உழுது எடுக்கும் வேலை அது. மூடியைத் திறக்கவே கூடாது. கையின் முனையிலுள்ள படிக்கும் தலைக்கும் தட்டுக்கும் இடையே சில நானோமீட்டர் இடைவெளிதான். கண்ணுக்குத் தெரியாத தூசி ஒன்று போதும். எஸ்எஸ்டியோ சத்தமே போடாது. நேற்று ஓடியது, இன்று பயாஸில் பெயர்கூட வராது. ஹார்டு டிஸ்கில் தவறுதலாக அழித்ததைப் பல நேரம் மீட்டுவிடலாம். எஸ்எஸ்டியில் 'டிரிம்' கட்டளை அழித்த இடத்தை உடனுக்குடன் துடைத்துவிடுவதால் பெரும்பாலும் முடியாது.

ஆகவே எந்த டிரைவ் வாங்கினாலும் இரண்டாவது நகலுக்கான காசை அதே பட்ஜெட்டில் ஒதுக்குங்கள். 1 டிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்குவதைவிட, 500 ஜிபி எஸ்எஸ்டியும் வெளியே மாட்டும் 1 டிபி ஹார்டு டிஸ்கும் வாங்குவது மேல். டி டிரைவில் நகல் வைத்திருக்கிறேன் என்பது நகல் ஆகாது. சியும் டியும் ஒரே டிஸ்கின் இரண்டு பாகம். நகல் டிஸ்க் மாட்டியபடியே இருக்கக் கூடாது, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டும். மிக முக்கியமானவற்றின் மூன்றாவது நகல் வேறு வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் தரைத்தள வீடுகளில் கணினியும் அதன் நகலும் ஒரே அலமாரியில் சேர்ந்து நனைந்தன. வருடக்கணக்கில் பீரோவில் பூட்டி வைக்க ஹார்டு டிஸ்கே நல்லது. எஸ்எஸ்டி சிப்பில் தேங்கிய மின்னூட்டம் மெல்லக் கசியும், சூட்டில் வேகமாகக் கசியும். ஆயுள் முழுக்க எழுதித் தீர்த்த எஸ்எஸ்டி, கரண்ட் இல்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும் என்பதுதான் தொழில்துறைத் தரநிலை. நம் ஊர் மே மாதத்துக்கு அது போதாது. புது எஸ்எஸ்டி இதைவிட நெடுநாள் தாங்கும் என்றாலும் அதில்தான் வைக்க வேண்டும் என்றால் சில மாதங்களுக்கு ஒருமுறை மாட்டி ஓட விடுங்கள்.

கடைக்காரர்களுக்கும் விளம்பரதாரர்களுக்கும் தங்கள் இதழ் வழியாக ஒரு கோரிக்கை. ஜிபி எண்ணுக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: சாட்டாவா, என்விஎம்இயா, இஎம்எம்சியா, டிஎல்சியா, க்யூஎல்சியா, காலி ஸ்லாட் உண்டா, எந்த நீளம், வாரண்டி 3 ஆண்டா, 5 ஆண்டா. வாங்குவோர் பில்லில் மாடல் பெயரோடு டிரைவின் சீரியல் நம்பரையும் எழுதி வாங்குங்கள். அதே நம்பரைத் தயாரிப்பாளர் தளத்தின் வாரண்டிப் பக்கத்தில் கடையில் நின்றபடியே போட்டுப் பாருங்கள். இந்தியாவில் விற்ற சரக்கு இல்லை என்றோ, வாரண்டி ஏற்கெனவே ஓடத் தொடங்கிவிட்டது என்றோ வந்தால் சீல் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
கணினி பழுதுநீக்கும் தொழிலில் உள்ள இருவர்,
திருச்சி.